நான் அணைத்த அடுப்பு

அன்புள்ள பரணி,

இன்னும் இரண்டு வாரத்தில் நீ ஜெர்மனிக்கு விமானம் ஏறப்போகிறாய். வெளிநாடு போகிற பிள்ளைக்கு அம்மா எழுதுகிற கடிதம் என்றால் வேளைக்குச் சாப்பிடு, குளிரில் காதை மூடிக்கொள், ஞாயிற்றுக்கிழமையாவது தலைக்கு எண்ணெய் வை என்றுதான் இருக்கும் என்று நினைப்பாய். அதையெல்லாம் வாயாலேயே தினமும் சொல்லி உன் உயிரை எடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன். இது வேறு. நேரில் சொல்லிவிடலாம் என்று உன் அறை வாசல் வரைக்கும் வந்தும் பார்த்தேன். நீ லேப்டாப்பிலிருந்து தலை நிமிர்ந்து "என்னம்மா?" என்றாய். "டீ போடட்டுமாடா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். வாயால் பேசினால் விஷயத்தை என் பக்கம் வளைத்துவிடுவேன். வேலைக்காலம் முழுக்க மீட்டிங் நடத்தியே காலம் தள்ளியவளுக்கு அது கைவந்த கலை. எழுதினால் எங்கே வளைக்கிறேன் என்று எனக்கே தெரிகிறது, அடித்துவிட்டு மறுபடியும் எழுதிக்கொள்கிறேன்.

உனக்கு விசா வந்ததும் சித்தப்பா குடும்பத்தைச் சாப்பிடக் கூப்பிட்டோமே, அன்றைக்கு ஆரம்பித்தது இது. பிரியாணியைத் தட்டில் போட்டுக்கொண்டே நீ சொன்னாய்: "காலேஜ்ல ஒரு பைத்தியக்கார ஐடியா வெச்சிருந்தேன் சித்தப்பா. ஊருக்கெல்லாம் சேர்த்து ஒரே கிச்சன்! அம்மா ஒரே ஒரு கொஸ்டின் கேட்டாங்க. கதம்!" எல்லோரும் சிரித்தார்கள். உன் அப்பா எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். நீ என் தோளில் கை போட்டு, "அந்தக் கேள்வியை நீ கேக்கலேன்னா இன்னிக்கு நான் எங்கேயோ சேத்துல நின்னுட்டிருப்பேன். தாங்க்ஸ்மா," என்றாய். உனக்கு நினைவிருக்காது, நான் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டேன். தயிர் எடுத்துவரப் போனேன் என்று நினைத்திருப்பாய். தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு சும்மா நின்றேன். அந்தக் கேள்விக்குப் பதில் இருந்தது, பரணி. அந்தப் பதில் எனக்கு முன்கூட்டியே தெரியும்.

முதலிலிருந்து சொல்கிறேன். நீ கல்லூரியில் மூன்றாம் வருஷம் படிக்கும்போது சித்திப்பேட்டைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பத்து நாள் முகாமுக்குப் போனாய். மரம் நட, பள்ளிக்கூடச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கத்தான் உங்களைக் கூட்டிப்போனார்கள். நீ வேறு எதையோ பார்த்துவிட்டு வந்தாய். நடவு நடக்கிற மாதம் அது. விடிவதற்கு முன்னால் எழுந்து சமைத்து வைத்துவிட்டு வயலுக்குப் போகிற பெண்கள், நாள் முழுக்கக் குனிந்து நாற்று நட்டுவிட்டு, பொழுது சாய வீட்டுக்கு வந்ததும் ஈரப் புடவையோடு மறுபடியும் அடுப்பு முன்னால் உட்காருகிறார்கள் என்று வந்து சொன்னாய். "அம்மா, அவங்களுக்கு இடுப்பே நிமிரலம்மா. அப்படியே ஊதாங்குழலை எடுக்கறாங்க." சோற்றுக்கு எத்தனை பங்கு தண்ணீர் என்றுகூடத் தெரியாத என் பிள்ளை பேசுகிற பேச்சா இது என்று நான் உன்னைக் கிண்டல் செய்தேன். ஆனால் நீ விடவில்லை. அந்த ஊரிலிருந்தே டிகிரி படிக்க வந்துகொண்டிருந்த சரிதாவோடும் உன் நண்பர்கள் இரண்டு பேரோடும் உட்கார்ந்து யோசித்துக்கொண்டே இருந்தாய். அப்படி வந்ததுதான் நடவுக்கால அடுப்பு. நடவு மாதமும் பருத்தி எடுக்கிற மாதமும் மட்டும் ஊருக்குப் பொதுவாக ஒரே அடுப்பு. அரிசி, பருப்பு, விறகு எல்லாம் அவரவர் வீட்டிலிருந்து. முறை வைத்து நாலு பெண்கள் வயலுக்குப் போகாமல் சமைப்பார்கள். மற்றவர்கள் சாயங்காலம் கைகால் கழுவிக்கொண்டு வந்து தங்கள் பாத்திரத்தில் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

இதில் ஆப் கிடையாது, மெஷின் கிடையாது, சோலார் கிடையாது. உன் சிநேகிதர்களே முதலில் "இது ஒரு ஐடியாவா, எதுக்கு இவ்வளவு சீன்?" என்று கேட்டார்கள். பள்ளிக்கூடத்தை ஒட்டிய ஒரு கொட்டகையில் சரிதா அதைச் செய்தே காட்டினாள். முதலில் அவள் தெரு வீடுகள் மட்டும். அவள் வீடு ஊருக்கு வெளியே இருக்கிற தலித் குடியிருப்பில். அடுப்பில் முதல் நாள் நின்றவள் அவள் அம்மா. ஊருக்குள்ளிருந்து யாரும் வரமாட்டார்கள் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். ஆனால் ஒரு வாரம் கழித்து ஊர்ப்பக்கத்துப் பெண் ஒருத்தி முந்தானைக்குள் தூக்குவாளியை மறைத்துக்கொண்டு வந்தாள். பிறகு இன்னொருத்தி. அந்த மாதம் முடிவதற்குள் ஊர்ப்பக்கத்து வீடுகள் நாலைந்து சேர்ந்துவிட்டன. அதில் இரண்டு பேர் காய் நறுக்கவே வந்து உட்கார்ந்தார்கள். இதையெல்லாம் யார் எனக்குச் சொன்னது? நீதான். இதே சைனிக்புரி வீட்டில், சாப்பாட்டு மேஜையில், வாயில் சோற்றை வைத்துக்கொண்டு. "அம்மா, காய் நறுக்க வந்துட்டாங்கம்மா!" என்று நீ சொன்னபோது உன் முகம் எப்படி இருந்தது என்று இப்போதும் எனக்குத் தெரியும்.

அந்தச் சமயத்தில் ஒரு சனிக்கிழமை நீ ஒரு டிபன் கேரியர் கொண்டுவந்தாய். சோள ரொட்டியும், புளி தூக்கலாகக் கீரை போட்ட பருப்பும். "சரிதா அம்மா உனக்குன்னு குடுத்தாங்க. சாப்ட்டுப் பாரு, செம்மையா இருக்கும்." நான் இன்றைக்கு விரதம் என்றேன். சனிக்கிழமை விரதம் நான் இருந்ததே கிடையாது, அதுகூட உனக்குத் தெரியவில்லை. "சரி, நைட்டு சாப்பிடு," என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாய். நான் கேரியரில் இருந்ததை எடுத்துக்கொண்டு போய் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு, கேரியரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். ராத்திரி நீ "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாய். "கொஞ்சம் காரம்," என்றேன்.

உன் தாத்தா செகந்திராபாத் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தவர். மத்தியானச் சாப்பாட்டுக்கு அவர் செட்டில் எல்லோர் டப்பாவும் நடுவில் வைத்துத்தான் திறப்பார்களாம். யார் வீட்டுக் குழம்பு யார் வாயில் போகிறது என்று கணக்கே கிடையாது. அவர் மகள் நான். குவார்ட்டர்ஸில் தெலுங்கு, இந்தி, தமிழ் எல்லாம் ஒரே வாயில் பேசி வளர்ந்தவள். "நம்ம வீட்டுல ஜாதி பேச்சே கிடையாது" என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! பேச்சுத்தான் கிடையாது. சின்ன வயசில் நீ ஒரு நாள், நம் வீட்டில் பாத்திரம் தேய்க்க வருகிறவளைப் பற்றி, "லக்ஷ்மி ஆன்ட்டி டம்ளர் மட்டும் ஏன்மா பால்கனியில இருக்கு?" என்று கேட்டாய். "தொலைஞ்சு போகாம இருக்கத்தான்டா," என்றேன். நீ நம்பினாய். நான் சொன்னதை நானும் நம்பினேன் என்பதுதான் வேடிக்கை.

அதற்குப் பிறகு போட்டி வந்தது. எங்கள் கம்பெனி வருஷா வருஷம் கிராமங்களுக்கு யோசனை சொல்லுகிற இளைஞர்களுக்காக நடத்துகிற போட்டி. அதை நடத்துவது என் பிரிவு. நீ பெயர் கொடுத்திருக்கிறாய் என்று தெரிந்ததும் நான் நடுவர் நாற்காலியிலிருந்து விலகியிருக்க வேண்டும். அதுதான் முறை. விலகவில்லை. "அங்க நான் உன் அம்மா இல்லை, மேடம். உன் டீமுக்குக்கூடத் தெரியக் கூடாது, ஞாபகம் வெச்சுக்கோ," என்று மட்டும் சொன்னேன். நீயும் சிரித்துக்கொண்டே "ஹவ், மேடம்" என்று நம் ஊர் இந்தியில் ஆமாம் போட்டாய். மாதாப்பூர் ஆபீஸின் பெரிய ஹாலில், குளிரக் குளிர ஏசி போட்டு, ஒவ்வொரு குழுவுக்கும் ஐந்து நிமிஷம், பிறகு கேள்விக்கு ஒரு நிமிஷம். நேரம் ஆனால் மணி அடிப்பதும் என் வேலை. பேச்செல்லாம் இங்கிலீஷில். ஒவ்வொரு குழுவும் தன் கிராமத்திலிருந்து ஒரு பெரிய மனிதரைக் கூட்டிவர வேண்டும் என்பது விதி. உங்களோடு அந்த ஊர் பழைய வார்டு மெம்பர் வந்திருந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, முதல் வரிசையில் உட்கார வைத்திருந்தோம். அடுப்பைப் பற்றி அவர் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை என்றும் நீ எனக்குச் சொல்லியிருந்தாய்.

நீ நன்றாகப் பேசினாய். பக்கத்தில் இருந்த இரண்டு நடுவர்களும் தலையாட்டுவதை நான் பார்த்தேன். அப்போது நான் மைக்கை எடுத்துக் கேட்டேன்: எல்லாச் சாதிக்காரர்களும் இருக்கிற ஊரில், ஒரு சாதிக்காரர் சமைத்ததை இன்னொருவர் எப்படிச் சாப்பிடுவார்? அதோடு விட்டேனா? முதல் வரிசையில் இருந்த பெரியவருக்குப் புரியட்டும் என்று, ரொம்ப மரியாதையாக, அதையே தெலுங்கில் திருப்பிச் சொன்னேன். நீ என்னைப் பார்த்தாய். அந்தப் பார்வை எனக்குப் புரிந்தது. சாப்பாட்டு மேஜையில் சொன்னதையே அம்மா திருப்பிக் கேட்கிறாள் என்றால், சொன்னது போதவில்லை, நமக்குத் தெரியாத ஏதோ ஓட்டை இதில் அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது என்று நினைத்தாய். என்மேல் உனக்கு அவ்வளவு நம்பிக்கை. "வீ ஹேவ் டு திங்க் அபவுட் இட், மேடம்," என்றாய். அப்போதுதான் பின்னால் நின்ற சரிதா ஒரு எட்டு முன்னால் வந்து, "ஒக்க நிமிஷம் மேடம், நேனு செப்தானு," ஒரு நிமிஷம், நான் சொல்கிறேன் என்று தெலுங்கில் ஆரம்பித்தாள். ஊர்ப்பக்கத்து வீடுகள் என்று இரண்டு வார்த்தை சொல்லியிருப்பாள். நான் மணியை அடித்தேன். கேள்வியை மொழிபெயர்க்க எனக்கு நேரம் இருந்தது. பதிலை மொழிபெயர்க்க இல்லை.

அன்று முதல் பரிசு வேறு ஒரு குழுவுக்குப் போனது. நீ என் பிள்ளை என்று பிறகு எப்படியோ வெளியே தெரிந்துவிட்டது. ஆபீஸ் முழுக்க ஒரே புகழ். சொந்தப் பிள்ளைக்குக்கூட விட்டுக்கொடுக்கவில்லையே, அந்தக் கேள்வியைக் கேட்க எவ்வளவு நேர்மை வேண்டும் என்று லிஃப்டில் பார்த்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். நான் "கடமைதானே" என்று தலையைச் சாய்த்துச் சொன்னேன். எனக்கு அது இனித்தது. பல மாதம் இனித்தது. பரணி, உனக்கு நான் தருகிற புத்திமதி ஏதாவது உண்டென்றால் இது ஒன்றுதான்: நேர்மையானவன் என்று உன்னை யாராவது புகழ்ந்தால், அந்த நேர்மைக்கு விலை கொடுத்தது யார் என்று திரும்பிப் பார். நான் பார்க்கவே இல்லை.

நேர்மைக்காகத்தான் கேட்டேன் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாதிதான் உண்மை. அதில் பாதிகூட இல்லை. ஜெயித்த குழு ஒரு வருஷம் அந்தக் கிராமத்திலேயே தங்கி யோசனையை நடத்திக் காட்ட வேண்டும் என்பது பரிசின் நிபந்தனை. என் பிள்ளை இன்ஜினியரிங் முடித்துவிட்டு ஒரு கிராமத்துக் கொட்டகையில் விறகு எண்ணிக்கொண்டிருப்பதா என்று நினைத்தேன். சரிதாவோடு நீ பேசுகிறபோது உன் குரல் மாறுவதையும் கவனித்திருந்தேன். ஒன்றும் இல்லாமல்கூட இருக்கலாம். எனக்கு அதுவே போதுமாக இருந்தது. இவை எல்லாவற்றுக்கும் அடியில் அந்தக் கேரியர் இருந்தது. ஒருவர் சமைத்ததை இன்னொருவர் எப்படிச் சாப்பிடுவார் என்று ஊரைப் பார்த்துக் கேட்டேன். சாப்பிடாதவள் நான்தான்.

அடுத்த மழைக்கு நீ ஒரு தடவை அந்த ஊருக்குப் போய்வந்தாய். அடுப்புக்கு ஆள் வருவதில்லை, ஊர்ப்பக்கம் முழுக்க விலகிவிட்டது என்றாய். "நீ கேட்டது கரெக்ட்மா. நாங்கதான் சின்னப் பசங்க மாதிரி ஆடிட்டோம்," என்றாய். வேலையில் சேர்ந்தாய். அந்தப் பேச்சே பிறகு நம் வீட்டில் எழவில்லை, சித்தப்பா வந்த அன்று நீ அதை ஒரு ஜோக்காகச் சொல்லும்வரை.

அதற்கு அடுத்த வாரம் நான் தலைவலி டாக்டரைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனேனே, டாக்டரிடம் போகவில்லை. ஜூபிலி பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறி அந்த ஊருக்குப் போனேன். ஏன் போனேன் என்று கேட்டால் ஒழுங்காகச் சொல்லத் தெரியவில்லை. அந்தக் கேள்வி சரியான கேள்விதான் என்று யாராவது ஒருவர் சொல்லிவிட்டால் நிம்மதியாகத் திரும்பி வந்துவிடலாம் என்று ஆசைப்பட்டிருப்பேன். கொட்டகையில் யாருடைய ஆடுகளோ கட்டியிருந்தன. சரிதாவின் வீட்டை விசாரித்துக்கொண்டு போனேன். அவள் இப்போது பக்கத்து டவுனில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள், அன்று லீவு. என்னைப் பார்த்ததும் அவளுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. "நீங்க மணி அடிச்ச மேடம்தானே?" என்று தெலுங்கில் கேட்டாள். கோபமாகக் கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை, நாற்காலியைத் துடைத்துப் போட்டுக்கொண்டே கேட்டாள்.

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "ஊர்ப்பக்கத்துல இருந்து யாரு யாரு சாப்பிட்டாங்கன்னு பேரோட சொல்லத்தான் மேடம் வந்தேன். அவங்க ரெண்டு பேரு, பேரைச் சொல்லிக்கோன்னு தைரியமா சொல்லி அனுப்பிச்சாங்க. அன்னிக்குச் சொல்லியிருந்தா மெம்பரு காதுல விழுந்திருக்கும். விழல. உங்க கேள்விதான் விழுந்துச்சு." அந்த மனிதர் ஊருக்குத் திரும்பிப் போய், பார்த்தீர்களா, பட்டணத்தில் பெரிய ஆபீஸில் இருக்கிற படித்த மேடமே கேட்டுவிட்டார்கள், பசங்களுக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை என்று வீடு வீடாகச் சொல்லியிருக்கிறார். அதுவரை தூக்குவாளியைக் கண்டும் காணாமல் இருந்த மாமியார்களும் புருஷன்களும் அன்று வாசலில் நின்று கேட்டிருக்கிறார்கள். காய் நறுக்க வந்த இரண்டு பேரில் ஒருத்தி அடி வாங்கியிருக்கிறாள். அடுத்த நடவுக்கு ஊர்ப்பக்கத்திலிருந்து யாரும் வரவில்லை. அரிசி பருப்பு குறைந்தது. பிறகு சரிதா தெருவிலும் சலித்துப்போய், அவரவர் வீட்டு அடுப்புக்கே திரும்பிவிட்டார்கள். உன் யோசனையில் ஓட்டை இல்லை, பரணி. நான் போட்டேன்.

சரிதாவின் அம்மா எனக்குச் சாப்பாடு போட்டாள். அதே ரொட்டி, அதே பருப்பு. சாப்பிட்டேன். அதில் எனக்கு ஒரு பெருமையும் கிடையாது, பசித்தது, சாப்பிட்டேன். காரமே இல்லை. சாப்பிட்டுக் கை கழுவிய பிறகுதான் சரிதாவிடம் சொன்னேன், நான் பரணியின் அம்மா என்று. "அப்ப ஊர்ப்பக்கம் வந்து சாப்பிட்டது உங்களுக்கு முன்னாடியே தெரியும்," என்றாள். ஆமாம் என்றேன். "தெரிஞ்சுதான் கேட்டீங்கன்னு பரணிக்குத் தெரியுமா?" தெரியாது என்றேன். "தன்மேலதான் தப்புன்னு சொல்லிட்டு, தலையைக் குனிஞ்சுகிட்டே இங்கேயிருந்து போனான் மேடம்," என்றாள். பிறகு நான் பஸ் ஏறும்வரை கூடவே நின்றாள். இந்த நடவுக்கு மறுபடியும் அடுப்பு மூட்டப்போகிறார்களாம், யார் வந்தாலும் வராவிட்டாலும்.

ஜெர்மனிக்குப் போகாதே என்று சொல்ல இதை எழுதவில்லை. போ என்று சொல்லவும் இல்லை. உனக்காக நான் முடிவு செய்த லட்சணத்தை நீ இப்போது படித்துவிட்டாய். உன் அப்பாவுக்கு இன்னும் தெரியாது, இன்று சாயங்காலம் சொல்லப்போகிறேன். கத்துவார், கத்தட்டும். மன்னித்துவிடு என்று எழுதிப் பார்த்தேன், அடித்துவிட்டேன். அதை முதலில் கேட்க வேண்டிய பெண்கள் அந்த ஊரில் இருக்கிறார்கள். அடி வாங்கியவளின் வீட்டு வாசலில் போய் நிற்க அன்று எனக்குத் தைரியம் வரவில்லை. நடவுக்கு முன்னால் போவேன்.

இந்தக் கடிதத்தை உன் பெட்டியில் துணிகளுக்கு அடியில் வைத்துவிடலாம், அங்கே போய்ச் சேர்ந்து பிரித்துப் படிக்கட்டும் என்றுதான் முதலில் நினைத்திருந்தேன். அப்படி வைத்தால் நீ என்னைத் திட்டக்கூட முடியாது. அதனால் இப்போதே கொண்டுவந்து உன் கையில் கொடுக்கிறேன். படித்து முடித்துவிட்டுச் சமையலறைக்கு வா. என்ன சொல்ல வேண்டுமோ, எவ்வளவு நேரம் சொல்ல வேண்டுமோ சொல். நான் குறுக்கே பேசமாட்டேன்.

உன்
அம்மா